சர்க்கரையைச் சாப்பாட்டாலும் நடையாலும் குறைப்பது: எதை முதலில், எதை அப்புறம்

இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்றே பலரும் ஐந்து வேலையை ஒன்றாகத் தொடங்கிவிடுகிறார்கள். அரிசியை நிறுத்துவார்கள், கேழ்வரகு வாங்குவார்கள், விடியற்காலையில் ஒரு மணி நேரம் நடப்பார்கள், யாரோ சொன்ன பொடியை வெந்நீரில் கலக்கிக் குடிப்பார்கள். சிலர் மாத்திரையையும் பாதியாக்கிவிடுவார்கள். மூன்றாவது வாரம் களைத்துப்போய் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். எது சர்க்கரையைக் குறைத்தது, எது வீண் என்பது கடைசி வரை தெரியாது.

நானும் முதலில் அப்படித்தான் தொடங்கினேன். அப்போது என் எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 9.2. அது 6.4-க்கு வர 11 மாதம் ஆனது. அதன் பிறகு சித்தப்பா, என் அக்கா, தெருவில் நாலைந்து பேர் என்று பலருக்குக் கூட இருந்து பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் பலித்தது ஒன்றுதான்: முதலில் அளப்பது, அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. கீழே உள்ள வரிசை அதற்கானது. முதல் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. அவர்கள் மருத்துவர் சொல்லும் முறையில்தான் போக வேண்டும்.

1. தொடங்கும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் ஆபத்தில் மாட்டுகிறார்கள். சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம்.

முதல் கேள்வி: "என் மாத்திரையால் லோ சுகர் வருமா?" கிளிமிபிரைட், கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் அப்படி இறக்கக்கூடியவை. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறவர்களுக்கு அந்த அபாயம் மிகக் குறைவு.

இரண்டாவது, டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை உங்கள் மருந்துச் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பட்டினி கிடப்பதோ, சோற்றை அடியோடு நிறுத்துவதோ மருத்துவரைக் கேட்காமல் கூடாது. சர்க்கரை அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிப்போகும் அபாயம் இந்த மாத்திரைகளில் உண்டு.

மூன்றாவது, கண்ணின் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியேட்டினின் (இவை இரண்டும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும்), பாதத்தின் உணர்ச்சி ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பல காலமாக ஏறியிருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, ஏற்கெனவே பாதித்த விழித்திரை சிலருக்குத் தற்காலிகமாக மோசமாகலாம். சிறுநீரகம் பாதித்திருந்தால் புரதம் எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பாதம் மரத்திருந்தால் நடைக்கு வேறு ஏற்பாடு தேவை.

உங்களுக்கான இலக்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாகப் பலருக்குச் சொல்வது: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள், எச்பிஏ1சி 7-க்குக் கீழே. வயதானவர்களுக்கும் அடிக்கடி லோ சுகர் வருகிறவர்களுக்கும் இதைத் தளர்த்திச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கு உங்களுக்கானது இல்லை.

ஒரு எச்சரிக்கை. சர்க்கரை 300-ஐத் தாண்டி, கூடவே வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குவது, அசதி இருந்தால் இந்த வழிகாட்டியை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காரணமில்லாமல் எடை வேகமாகக் குறைகிறது என்றாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

2. கையில் இருக்க வேண்டிய பொருட்கள்

வீட்டிலேயே சர்க்கரையை அளக்க ஒரு குளுக்கோமீட்டர். மீட்டர் மலிவு, ஒவ்வொரு முறையும் ரத்தத் துளியை வைக்கும் ஸ்ட்ரிப்தான் செலவு. வாங்கும்போது ஸ்ட்ரிப்பின் விலையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்தால் ஈரம் ஏறிக் கெட்டுவிடும். காலாவதித் தேதியையும் பாருங்கள்.

ஒரு நோட்டு, சமையலறைத் தராசு, இடுப்பை அளக்க ஒரு டேப், முன்பக்கம் மூடிய செருப்பு அல்லது ஷூ, சட்டைப் பையில் கொஞ்சம் குளுக்கோஸ் பொடி. தராசு எதற்கு என்று கேட்பார்கள். "ஒரு கரண்டி சோறு" என்பது வீட்டுக்கு வீடு வேறு. ஒரே ஒரு முறை எடை போட்டுப் பார்த்துவிட்டால், நம் கிண்ணத்தில் 150 கிராம் சோறு எதுவரை வரும் என்று கண் பழகிவிடும்.

3. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் அளப்பது

இதுதான் பலருக்குப் பொறுக்காத வாரம். சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது சும்மா அளந்துகொண்டிருப்பதா என்று தோன்றும். ஆனால் வழக்கமான சாப்பாடு எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரியாமல், மாற்றிய சாப்பாடு எவ்வளவு குறைத்தது என்று சொல்ல முடியாது.

தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் முன் ஒரு முறை, முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒரு முறை. இன்று காலை டிபன், நாளை மதியம், மறுநாள் இரவு என்று சுற்றி வந்தால் நாளுக்கு 2 ஸ்ட்ரிப் போதும். நோட்டில் மூன்றே விஷயம்: என்ன சாப்பிட்டேன், எவ்வளவு, முன்னும் பின்னும் எண் என்ன. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தச் சாப்பாட்டின் விலை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் தொட்ட விரலில் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து எண் கூடும். விரல் நுனியின் நடுவில் குத்தினால் வலிக்கும், பக்கவாட்டில் குத்துங்கள். ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு உதறினால் வந்துவிடும்.

இன்னொன்று. நல்ல மீட்டரே 100-க்கு மேல் போனால் 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். நேற்று 142, இன்று 150 என்று கவலைப்படுவது தேவையில்லாதது. 142, 210 என்றால்தான் யோசிக்க வேண்டும்.

4. இரண்டாம் வாரம்: குடிக்கிற சர்க்கரையை நிறுத்துவது

முதல் மாற்றம் இது. காரணம், குடிக்கிற சர்க்கரை வயிற்றில் தங்காது. சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடும், பசியையும் ஆற்றாது. நிறுத்தினால் பலனும் உடனே மீட்டரில் தெரியும். அந்தத் தெம்பு அடுத்த வாரத்துக்கு வேண்டும்.

டீ, காபிக்குச் சர்க்கரை, பழச்சாறு, ரோஸ் மில்க், குளிர்பானம், சத்துமாவு பானம் எல்லாம் இதில் சேரும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவையும் சேரும். கருப்பட்டி நல்லது என்று நம் வீடுகளில் ஆழமாக நம்புகிறார்கள். அதில் இருப்பதும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது சாதாரணச் சர்க்கரைதான், மீட்டர் அதைத் தனியாக மன்னிப்பதில்லை.

ஒரே நாளில் நிறுத்த முடியாதவர்கள் மூன்று நாளைக்கு ஒரு முறை அரை ஸ்பூன் குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும். பழம் வேண்டுமென்றால் கடித்துச் சாப்பிடுங்கள். ஒரு சின்னக் கொய்யா, ஒரு கிண்ணம் பப்பாளி பலருக்கு ஒத்துப்போகிறது. டீயோடு தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டும் போக வேண்டும். "சர்க்கரை சேர்க்காதது" என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே மைதா மாவுதான்.

5. மூன்றாம், நான்காம் வாரம்: தட்டை மாற்றுவது

இங்கேதான் அவசரப்படாமல் நிற்க வேண்டும். அரிசியை நிறுத்துவது இலக்கு இல்லை. அரிசி தட்டில் பிடித்துவைத்திருக்கும் இடத்தைக் குறைப்பதுதான் இலக்கு. 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நம் மதியச் சாப்பாட்டில் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மூன்று தடவை விழும். எடை போட்டுப் பார்த்தால் 400 கிராமைச் சுலபமாகத் தொடும்.

எங்கள் வீட்டில் பலித்த வழி இது: குழம்புக்கு மட்டும் சோறு. ரசத்தை டம்ளரில் குடித்துவிடுவது, மோரையும் டம்ளரில் குடித்துவிடுவது. சமையல் மாறவில்லை, தனியாக யாருக்கும் எதுவும் சமைக்க வேண்டியதில்லை. ஆனால் சோறு 150 கிராமுக்கு வந்துவிட்டது. என் அக்கா முதல் நான்கு நாள் "சாப்பிட்ட மாதிரியே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொரியலை இரண்டு மடங்காக்கிய பிறகு அந்தப் பேச்சு நின்றது.

தட்டில் பாதி காய். கீரை, அவரை, புடலை, வெண்டை, கத்தரி, பீன்ஸ், முட்டைக்கோஸ், சுரைக்காய், வாழைத்தண்டு, வாழைப்பூ எதுவானாலும் சரி. உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, வாழைக்காய் ஆகியவற்றைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை சோற்றின் பக்கம் நிற்பவை. உருளைக்கிழங்குப் பொரியலோடு சோறு சாப்பிட்டுவிட்டு "காய் நிறையச் சாப்பிட்டேன், அப்படியும் 240" என்று என்னிடம் வருத்தப்பட்டவர்கள் நிறைய.

கால்பாகம் புரதம். முட்டை, மீன், கோழி, பனீர், கெட்டிப் பருப்பு, சுண்டல், பச்சைப்பயறு. சாம்பாரைப் புரதமாகக் கணக்கிடுவது பெரிய தவறு. ஒருவர் பங்கு சாம்பாரில் 20 கிராம் துவரம்பருப்பு விழுந்தால் அதிகம். அதிலிருந்து 4, 5 கிராம் புரதம்தான் கிடைக்கும். ஒரு முட்டையிலேயே 6 கிராம் இருக்கிறது.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். பொரியலில் பாதியையும் முட்டை அல்லது சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சோற்றில் கை வையுங்கள். நார்ச்சத்தும் புரதமும் முதலில் போனால் வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரையும் மெதுவாக ஏறும். அதே சாப்பாடு, அதே அளவு, வரிசை மட்டும் மாற்றம். ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படிச் சாப்பிட்டு அளந்து பாருங்கள்.

காலை டிபன்தான் கஷ்டம். நான்கு இட்லியில் 45 கிராம் அளவுக்கு மாவுச்சத்து வரும், கூடத் தொட்டுக்கொள்ளும் சட்னியில் புரதம் சொல்லும்படி இருக்காது. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் காய் போட்ட கெட்டி சாம்பார், ஒரு அவித்த முட்டை என்று மாற்றுங்கள். முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பெசரட்டு, பருப்பு அடை, சுண்டல். பலருக்குக் காலையில்தான் உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை. மதியம் தாங்கும் அளவு சோறு காலையில் தாங்காது.

சிறுதானியம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்தப்பா மூன்று மாதமாக அரிசியைத் தொடாமல், காலையில் ஒரு பெரிய சொம்பு கேழ்வரகுக் கஞ்சி குடித்துவந்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அளந்தோம். கஞ்சிக்கு முன் 124. இரண்டு மணி நேரம் கழித்து 238. மீட்டர் தப்பு என்று வேறு விரலை நீட்டினார். 231. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்த மனுஷன் நாக்கைக் கட்டி இருந்தது உண்மை, உழைப்பு முழுக்க வீணாய்ப் போயிருந்தது.

நடந்தது இதுதான். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகில் சுமார் 67. பெரிய வித்தியாசம் இல்லை. அதை நைசாக அரைத்துத் தண்ணீராய்க் கரைத்து வேகவைத்தால் செரிக்க வேலையே இல்லை, மடமடவென்று ஏறிவிடும். அடுத்த வாரம் அதே கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரை நிறையப் போட்டு ஒரே ஒரு அடை, கூட இரண்டு முட்டை. 2 மணி நேரத்தில் 168. வரகு, சாமை, தினை எதுவானாலும் முழுசாக வேகவைத்து, அதே 150 கிராம் அளவில், காயோடு சாப்பிடுங்கள். கஞ்சியாக வேண்டாம். கோதுமைக்கும் இதே நியாயம்தான். இரவில் நான்கு சப்பாத்தியும் குருமாவும் என்பது சோற்றைவிடக் குறைந்தது இல்லை.

இரவுச் சாப்பாட்டை 8 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. இரவு 10 மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்தால் அந்த ஏற்றம் இறங்க வழியே இல்லை.

6. ஐந்தாம் வாரம்: சாப்பிட்ட பின் 15 நிமிடம்

விடியற்காலை ஒரு மணி நேரம் நடப்பது இதயத்துக்கு நல்லது. ஆனால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையை அடக்க, சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் 10, 15 நிமிடம் நடப்பதுதான் நேரடி வழி. வேலை செய்கிற தசை, இன்சுலின் அதிகம் இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஏறுகிற நேரத்திலேயே இழுக்க வேண்டும் என்பதால்தான் இந்த நேரக் கணக்கு.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் முதலில் பழக்குங்கள். பிறகு காலை, பிறகு மதியம். மழையானால் வீட்டுக்குள்ளேயே, மொட்டை மாடியில், வராந்தாவில் நடக்கலாம். மூச்சு கொஞ்சம் வாங்க வேண்டும், பேச முடிய வேண்டும். அந்த வேகம் போதும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ தாடைக்கும் கைக்கும் வலி பரவினாலோ நின்றுவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பாதம் மரத்தவர்கள் பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கோயில் பிரகாரத்தில் வெயில் ஏறிய பிறகு சுற்றுவதும் அப்படித்தான். கொப்புளம் வந்தது காலையில்தான் தெரியும், புண் ஆற மாதக்கணக்காகும். தினமும் படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம்.

7. ஏழாம் வாரத்திலிருந்து: தசையைக் கூட்டுவது

வாரம் இரண்டு மூன்று நாள் போதும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 தடவை, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது 10 தடவை. இதையே மூன்று சுற்று. தசைதான் சர்க்கரையைச் சேமிக்கும் பெரிய கிடங்கு. வயதானவர்கள் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் தசையும் கரைந்து, கால் தள்ளாடும்.

ரத்த அழுத்தம் அதிகம் உள்ளவர்களும் கண் விழித்திரையில் பாதிப்பு உள்ளவர்களும் மூச்சை அடக்கிப் பாரம் தூக்க வேண்டாம். மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

8. எடையும் இடுப்பும்

ஒல்லியாக இருக்கிறவர்கள் எடை குறைக்க முயலக் கூடாது. மற்றவர்கள் இடுப்பை அளந்துகொள்ளுங்கள். நம் உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதுதான் எல்லை. வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது.

உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே மீட்டரில் தெரியும். பிரிட்டனில் 2017-ல் வெளியான டைரக்ட் ஆய்வில், நோய் வந்து 6 ஆண்டுக்குள் இருந்தவர்களை மேற்பார்வையில் வைத்து எடை குறைக்கச் செய்தார்கள். ஒரு வருடத்தில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோயின் அளவுக்குக் கீழே வந்தது. புதிதாக நோய் வந்தவர்கள் இதை மனதில் வையுங்கள். உங்களுக்கு வாய்ப்பு அதிகம். 15 வருடமாக நோய் உள்ளவர்களுக்கு அதே பலன் கிடைக்காமல் போகலாம், அது அவர்கள் குற்றம் இல்லை.

9. காலைச் சர்க்கரை இறங்கவில்லையே என்பவர்களுக்கு

சாப்பிட்ட பின் 160-க்கு வந்துவிட்டது, வெறும் வயிற்றில் மட்டும் 145-லேயே நிற்கிறது. இந்தப் புகாரோடு எல்லாரும் வருவார்கள். இரவில் நீங்கள் தூங்கினாலும் கல்லீரல் தூங்குவதில்லை. விடியும் நேரத்தில் அது சர்க்கரையை ரத்தத்தில் விடும். கல்லீரலில் கொழுப்பு குறையக் குறையத்தான் இது அடங்கும். அதனால் இது கடைசியில் இறங்கும் எண், பொறுமையாக இருங்கள். இரவுச் சாப்பாட்டை அடியோடு விட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். மாத்திரை போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது ஆபத்து.

தூக்கத்தையும் பாருங்கள். 5 மணி நேரமே தூங்கிய மறுநாள் எனக்கு எண் ஏறித்தான் இருக்கும். பலத்த குறட்டையும் பகல் முழுக்கத் தூக்கமும் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் சர்க்கரையை ஏற்றும்.

10. லோ சுகர் வந்தால்

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, தலை கிறுகிறுப்பு. முடிந்தால் அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் பொடி, இல்லையென்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் சாக்லேட், லட்டு வேண்டாம். கொழுப்பு சேர்ந்திருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும்.

மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-ஐ அழையுங்கள். வாரத்தில் இரண்டு முறை லோ சுகர் வந்தால், உங்கள் சாப்பாடு வேலை செய்கிறது, மாத்திரை அளவைக் குறைக்க வேண்டும் என்று பொருள். அதை மருத்துவர்தான் குறைக்க வேண்டும். வெறும் வயிற்றில் மது குடித்தால் கல்லீரல் சர்க்கரையை விட முடியாமல் இது மோசமாகும்.

11. மூன்றாம் மாதம்

எச்பிஏ1சி-யை 3 மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அது அளக்கிறது, சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் அதற்கு முன் பார்த்துப் பயன் இல்லை. ரத்தசோகை இருந்தால் அந்த எண் தவறாகக் காட்டலாம், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

வெந்தயம், பாகற்காய், ஆவாரம்பூ பற்றி அப்போதும் யாராவது சொல்வார்கள். பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடுங்கள், நல்ல காய். மாத்திரைக்குப் பதிலாக எதையும் வைக்காதீர்கள். பெயர் தெரியாத சூரணம் வேண்டவே வேண்டாம்.

கல்யாண வீட்டுக்கும் பொங்கலுக்கும் போங்கள். இலையில் முதலில் கூட்டும் பொரியலும் சாப்பிட்டு, சோற்றை ஒரு முறை வாங்கி, பாயசத்தை இரண்டு ஸ்பூனில் முடித்து, பந்தி முடிந்ததும் மண்டபத்தைச் சுற்றி 15 நிமிடம் நடங்கள். ஒரு நாள் 220 வந்தால் நோட்டில் எழுதிவிட்டு, அடுத்த வேளைச் சாப்பாட்டை வழக்கம்போலச் சாப்பிடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். "சர்க்கரை பரவாயில்லை டாக்டர்" என்று வாயால் சொன்னால் அவருக்கு மாத்திரை அளவைத் தீர்மானிக்க ஒன்றும் கிடைக்காது. என் மாத்திரை இரண்டிலிருந்து ஒன்றானது, அவர் நோட்டின் கடைசி ஆறு பக்கத்தைப் புரட்டிப் பார்த்த அன்றுதான்.